பல்லில் கடித்த மாலை

இல்லை, மாலையைக் கழற்றச் சொல்லி நான் அவரிடம் கேட்கவில்லை. நீ கேட்டதற்கு இதுதான் பதில். சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். உன் குருசாமிக்கு நான் போன் செய்தது உண்மை. அதனால் உன் மானம் போனது என்கிறாய், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் கேட்டது வேறு. அதை முதலிலிருந்து சொல்ல எனக்குத் தாள் வேண்டும். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் சரிம்மாவுக்குப் பின்னால் இரும்பு வெட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டபடி என்னால் பேச முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. செட்டிகுளம் முருகன் மலைக்கு நீ மாலை போட்ட நாளிலிருந்து உன்னைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறேன். சாமி வாங்க. சாமி சாப்பிடுங்க. நீ என்னை வழக்கம்போல வா போ என்கிறாய், நான் உனக்கு வாங்க போங்க போடுகிறேன். வழக்கம் அது, குறை சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையிடம் மரியாதையோடு பேசும்போது திட்டு வரமாட்டேன் என்கிறது. பாதி வாக்கியத்தில் கும்பிடு போட்டு நின்றுவிடுகிறது. "சாமி, கொஞ்சம் பாத்து வேலை செய்யுங்க." இதை பஸ் கண்டக்டர்கூட உன்னிடம் சொல்லலாம். நான் சொல்ல வேண்டியது அது இல்லை. அதனால் இந்தத் தாளில் மட்டும் நீ என்று எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஜெயங்கொண்டத்தில் ஒரு கிளினிக்குக்குப் பல் செட்டுகளைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் அரியலூரில் இறங்கி உன் பட்டறைக்கு வந்தேன். கையில் விரதச் சாப்பாடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் போட்டுவிட்டுப் போன வெள்ளைத் தூசி உன் தகரக் கூரையில், வாசலில் சாத்தியிருந்த பாதி முடிந்த கேட்டில், எல்லாவற்றிலும். உள்ளே நீ குனிந்து இரும்புக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தாய். சட்டை இல்லை. பச்சை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தாய். வெறுங்கால். அந்த வெறுங்காலால்தான் குழாயை மிதித்துப் பிடித்திருந்தாய். கையில் பிடித்து வெட்டும் அந்த கிரைண்டர் மெஷினுக்குக் கார்டு இல்லை. வட்டில் பாதியையாவது மறைக்கும் அந்த இரும்பு மூடி இருக்க வேண்டிய இடத்தில் மெஷினின் வெறும் கழுத்து. வட்டும் அந்த மெஷினுக்கு உரியது அல்ல, அதைவிடப் பெரியது. மாலை தொங்கி வட்டில் பட்டுவிடக் கூடாது என்று, அதை முருகன் டாலரோடு சேர்த்துப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தாய்.

நான் கூப்பிடவில்லை. சுற்றும் வட்டைக் கையில் வைத்திருப்பவனைக் கூப்பிடக் கூடாது. கழுத்து திரும்பினால் கையும் கூடவே திரும்பும். வட்டின் நேர்கோட்டில் நிற்காமல் ஓரமாக, சுவரோடு நின்றேன். வட்டு உடைந்து பறந்தால் அந்தக் கோட்டில்தான் பறக்கும். நீ அந்தக் கோட்டில்தான் முகத்தை வைத்திருந்தாய். தீப்பொறி உன் காலுக்குக் கீழே போய், சுவரோரம் இருந்த பெயிண்ட் தின்னர் டின்னின் பக்கத்தில் அணைந்தது. ஒவ்வொரு பொறியும் அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சை அணைத்தாய். வட்டு நிற்கவில்லை. அணைத்த பிறகும் அது சுற்றும், சத்தம் மட்டும்தான் இறங்கும். அந்தச் சில நொடிகளில், சுற்றிக்கொண்டிருக்கும் வட்டைத் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய். வேட்டி மடிப்புக்கும் அதற்கும் நடுவில் என் கை நுழையும் அளவு இடம். பிறகு வாயைத் திறந்தாய். மாலை மார்பில் விழுந்தது.

"வாம்மா. எப்ப வந்த?"

"இப்பதான் சாமி."

உன்னோடு சேர்ந்து பட்டறை தொடங்கிய குமார், வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். "பாத்தீங்களாம்மா? முருகனுக்கே பயம். அதான் சாமி வாய்க்குள்ள போயி உக்காந்துக்கிட்டாரு."

நானும் சிரித்தேன். சாப்பிடும்போது கார்டு எங்கே என்று கேட்டேன்.

"வாங்கும்போதே இல்லம்மா. துபாய்லேர்ந்து வந்தவருகிட்ட வாங்குனதுதான."

"புதுசு வாங்கி மாட்டலாமே சாமி."

"மாட்டலாம். அப்பறம் அஞ்சு இஞ்ச் டிஸ்க் போவாது. இந்தக் கொழாய்க்கு நாலு இஞ்ச் பத்தாது, திருப்பித் திருப்பி வெட்டணும். அடுத்த வெள்ளிக்கெழம கிரகப்பிரவேசம், அதுக்குள்ள கேட்டு நிக்கணும். கார்டு இருந்தா வெட்டுற கோடும் தெரியாது. ஒனக்குப் புரியாதும்மா, விடு."

எனக்குப் புரியும். அதுதான் என் தொல்லை. உன் காரணங்கள் எல்லாம் நிஜமான காரணங்கள். சோம்பேறி ஒருவன் சொல்லும் சாக்காக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். ஒரே மூச்சில் வெட்டிவிடத் தோன்றுவது எனக்குத் தெரியும். கோடு மறைந்தால் வரும் எரிச்சல் தெரியும். திருச்சியில் இலக்கியம் படித்துவிட்டு வந்து, வேலை கிடைக்காமல் பல் செட் செய்யப் பழகி, இத்தனை வருடமாக நம் மாடியறையில் நானும் ஒரு சுற்றும் மெஷினோடுதான் வாழ்கிறேன். என்னுடையது தடித்த பேனா மாதிரி. நுனியில் பர் என்று நாங்கள் சொல்லும், கடலைப் பருப்பு அளவு அரம். காலால் பெடலை அமுக்கினால் சுற்றும். உன்னுடையது ஒரு கைப்பிள்ளையின் கனம். சைஸ் வேறு, குணம் ஒன்று. இரண்டும் கையில் பிடிப்பவை. மேசையில் முளையடித்து நிறுத்தியவை அல்ல. மனம் போகும் பக்கம் போகும்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஐடிஐ சேர்ந்த வருடம். தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர விட்டுக்கொண்டே ஒரு பல் செட்டின் ஓரத்தை இழைத்துக்கொண்டிருந்தேன். குனிந்தேன். காதோரத்து முடி பர்ரில் சுற்றிக்கொண்டது. பெடலிலிருந்து காலை எடுத்தால் போதும், நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் கால் எழவில்லை. அமுக்கியது. இன்னும் அமுக்கியது. கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. பயம் வந்தால் உடம்பு விடுவதில்லை. எதைப் பிடித்திருக்கிறதோ அதை இறுக்குகிறது. முடி பிய்ந்து வந்ததால் தப்பித்தேன். என் மெஷினுக்கு அவ்வளவுதான் பலம். அன்றிலிருந்து கொண்டை, அதன்மேல் துணி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மேலே ஏப்ரன். கையில் வளையல் இல்லாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனது. இப்போது சிரித்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

உன் மெஷின் சுவிட்சைத் தள்ளினால் அது அங்கேயே பூட்டிக்கொள்ளும். கையை எடுத்தாலும் ஓடும். இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பதை நீயும் பார். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் பார்ப்பது இது ஒன்றைத்தான். பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாரோ ஒருவருடைய வாயின் அச்சைக் கையில் வைத்திருக்கும்போது. மாலையின் ஒரு சுற்று வாயிலிருந்து நழுவுகிறது. வட்டு அதைப் பிடிக்கிறது. நீ பயப்படுகிறாய். பயந்தவன் தாடை இறுகும். தாடையைப் பற்றி எனக்குத் தெரியும், அதன் கடியைத் தாங்கும்படிதானே நான் வேலை செய்கிறேன். பல் விடாது. மாலை இழுக்கும், பல் பிடிக்கும், கழுத்து நடுவில் இருக்கும். நூலில் கோத்த மாலை என்றால் அறுந்துவிடும் என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. நீ சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். பித்தளைக் கம்பியில் கோத்திருக்கிறது.

இதற்கு மேல் இதை எழுத முடியவில்லை.

கண் விஷயம். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து வந்தாய். தூங்கினால் சரியாகும் என்றாய். என் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், கருவிழியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு. துணி நுனியால் எடுத்துவிடு என்றார் அப்பா. நான் தொடவில்லை. நீ கசக்காமல் இருக்க உன் கையைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் பெரம்பலூர் டவுனுக்குக் கூட்டிப்போனேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. ஞாபகம் இருக்கிறதா, அந்த டாக்டர் இரும்பை எடுத்துவிட்டு, துருவையும் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி போடவில்லையா என்று கேட்டார்.

"போட்டிருந்தேன் சார். கூலிங் கிளாஸ்."

"பொண்ணு பாக்கப் போனீங்களா, இரும்பு வெட்டப் போனீங்களா?"

நீயும் சிரித்தாய், ஒரு கண்ணால். அன்றே பக்கங்களும் மூடிய கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அதையும் பார்த்தேன். உன் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வியர்வையில் பனி பிடிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வாய். பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். நான் நிறுத்தி, துடைத்து, மறுபடி போடுகிறேன். அந்த நிறுத்தம்தான் வேலையைக் கெடுக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் கை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிகிறது.

நன்றாக வேலை செய்வதும் பத்திரமாக வேலை செய்வதும் இரண்டு வேலை என்று நீ நினைக்கிறாய். ஒன்று வேகம், ஒன்று அம்மா. நான் அப்படிப் பழகவில்லை. பல் செட்டை அழுத்தி இழைத்தால் பிளாஸ்டிக் உருகும். அறை முழுக்க ஒரு இனிப்பு நாற்றம் வரும், ஓரம் வளையும், யாரோ ஒருவரின் ஈறு புண்ணாகும். தொட்டும் தொடாமலும் போனால் சீராக இழையும். உன் குழாயைப் பார்த்தேன். வெட்டிய இடம் நீலமாக எரிந்திருந்தது. அது அழுத்தியதன் அடையாளம். வட்டு வெட்டவில்லை, தேய்ந்திருக்கிறது. சத்தத்தைக் கேள். தானாக வெட்டும்போது ஒரே சுருதியில் போகும். அழுத்தினால் சுருதி இறங்கும், முனகும். அப்போது கையைத் தளர்த்த வேண்டும். நீ அப்போதுதான் தோளைப் போட்டு அமுக்குகிறாய். நாலு இஞ்ச் வட்டில் குழாயைத் திருப்பித் திருப்பி வெட்ட நேரமாகும் என்கிறாயே, எரிந்த ஓரத்தை மறுபடி ராவிச் சமமாக்க நீ எடுத்துக்கொண்ட நேரத்தையும் நான் நின்று பார்த்தேன்.

காலால் மிதித்துப் பிடித்தால் குழாய் நகரும். அதைவிட மோசம், வெட்டு முடியும்போது இரண்டு பக்கமும் உள்ளே மடிந்து வட்டைக் கவ்வும். கவ்வினால் மெஷின் உன் பக்கம் எகிறும். பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருக்கிறது, அதன்மேல் டீ டம்ளர் இருந்தது. குழாயை அதில் இறுக்கி, விழ வேண்டிய பக்கத்தை விழுவதற்கு விட்டுவை. பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடி. கோடு தெரியவில்லை என்றால் கோட்டை மேலே மட்டும் போடாதே, சுற்றி வளைத்துப் போடு. விளக்கை இடது பக்கம் மாற்று. நான் அப்படித்தான் செய்கிறேன். கோட்டைப் பார்ப்பதற்காக மூடியே வேண்டாம் என்பது எனக்கு எப்படிப் படுகிறது தெரியுமா? ஜன்னல் கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று சுவரையே இடிப்பது மாதிரி. வட்டு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கு. சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பதை நம்பாதே. வட்டைக் கீழே போட்டுவிட்டால் அதைத் திரும்ப மாட்டாதே, பார்வைக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். மாட்டியதும் வெறுமனே கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு வெட்டு.

எழுதி எழுதிப் பார்க்கிறேன், இது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஐடிஐயில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சிமெண்ட் ஆலையில் பயிற்சிக்குப் போனபோது கார்டு இல்லாத மெஷினைத் தொட்டிருக்கவே மாட்டாய். தொட விட்டிருக்க மாட்டார்கள். அங்கே யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது உன் சொந்தப் பட்டறை, பார்ப்பவர் யாரும் இல்லை. சொந்தமாக ஒன்று செய்கிறவனுக்கு உடம்பும் சொந்தச் சரக்காகத் தோன்றிவிடுகிறதோ என்னவோ. எடுத்துச் செலவு செய்யலாம் என்று.

வேண்டுதலைப் பற்றி. பட்டறைக்கு மூணு பேஸ் கரண்ட் கிடைத்தால் மாலை போட்டு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாய். கிடைத்தது. போட்டாய். நான் அதைக் கேலி செய்ததே இல்லை. அந்த கனெக்‌ஷனுக்கு நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும், அதற்கு ஒரு கடவுள் தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை. எனக்கு நம்பிக்கை எவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை. ஆனால் உன் வேட்டியைத் துவைத்தபோது ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து அடுப்பில் காட்டினேன். எரியவில்லை. உருகியது. உருகிச் சொட்டியது. பாலியஸ்டர். பொறி விழுந்தால் அது தோலோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் மாலைக்கென்று தொங்கும் பச்சை வேட்டிகள் எல்லாம் அப்படித்தானாம், கேட்டுப் பார்த்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாலை போட்டிருக்கான். முருகன் பாத்துக்குவான், விடு" என்றார்.

"மாலையே மாட்டிக்கிட்டா?"

"நீ ஏண்டி வாய வெக்கிற?"

வாயில் வைத்தது நான் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அன்று மத்தியானம்தான் உன் குருசாமிக்குப் போன் செய்தேன். விரதத்தை நான் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவரிடம் கேட்கலாம் இல்லையா. டிப்பர் லாரியைச் சுண்ணாம்புக்கல் குழியோரம் நிறுத்திவிட்டுப் பேசினார். பின்னால் கல் கொட்டும் சத்தம்.

"பட்டறை வெச்சிருக்குற சாமியோட அம்மா பேசுறேங்க. மாலைய சட்டைக்குள்ள போட்டுக்கலாங்களா?"

"தாராளமா. நானே உள்ளதான் போட்டிருக்கேன். ஸ்டியரிங்ல மாட்டுமில்ல."

"செருப்பு?"

கொஞ்சம் யோசித்தார். "ரோட்டுல நடக்கும்போது வேணாம். வேல நேரத்துல ஷூ போட்டுக்கட்டும்மா. கழட்டி, காலக் கழுவிட்டு பூசைக்கு வரட்டும். இங்க குழில எறங்குற சாமிங்க எல்லாம் ஷூதான்."

"வேட்டிக்குப் பதிலா பேண்ட்டு?"

"பச்சையில தெச்சிக்கட்டும். அதுக்கென்ன. ஏம்மா, சாமிக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

அவர், "நான் சொல்றேம்மா" என்றார். சொன்ன இடம்தான் தப்பாகிவிட்டது. எல்லாச் சாமிகளும் கூடியிருந்த பூசையில் சொல்லியிருக்கிறார். யாரோ, "அம்மா பர்மிஷன் வாங்கிட்டாங்கடா, இனிமே சாமி ஷூ போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் போவலாம்" என்றிருக்கிறார்கள். நீ எனக்குப் போன் செய்தாய். "ஏம்மா அவருக்குப் போன் போட்ட? நான் என்ன பச்சப்புள்ளயா? மாலையக் கழட்டச் சொன்னியா?" வைத்துவிட்டாய்.

நீ பச்சப்புள்ள இல்லை. பச்சப்புள்ளையாக இருந்தால் கையில் இருப்பதைப் பிடுங்கி உயரத்தில் வைத்துவிடலாம். வளர்ந்த மகனுக்குத் தாய் செய்யக்கூடியது என்ன என்று இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன். சொல்லலாம். மறுபடி சொல்லலாம். அதிகம் சொன்னால் சொல்வது சத்தமாகிவிடும், நீ அந்தச் சத்தத்துக்கும் பழகிவிடுவாய். நான் பயப்படுவதை நீ ஒரு குணம் என்று நினைக்கிறாய். அம்மா அப்படித்தான், மழை வந்தாலும் பயப்படும், ரயில் வந்தாலும் பயப்படும். நான் மழைக்கும் ரயிலுக்கும் பயப்பட்டது வீண்தான். ஒத்துக்கொள்கிறேன். நிறைய வீண் பயங்களைச் செலவழித்துவிட்டேன், அதனால் இந்தப் பயம் வரும்போது உன்னிடம் அதற்கு மதிப்பில்லை. ஆனால் இது வேறு வகை. இதை நான் கையில் பிடித்திருக்கிறேன். இதன் சத்தம் எனக்குத் தெரியும்.

ஒரு கேட். உன் பட்டறையின் முதல் பெரிய வேலை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டு வாசலில் அது நிற்காவிட்டால் ஊரில் உன் பேச்சு எடுபடாது என்பது எனக்குத் தெரியும். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். தொழிலில் முதல் சொல் தவறக் கூடாது. அந்தச் சொல்லையும் உன் கழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வைக்கவே கூடாத இரண்டு. நீதான் வைத்திருக்கிறாய்.

பச்சைப் பருத்தித் துணி தடிப்பாக எடுத்து ஒரு சட்டையும் பேண்ட்டும் தைக்கக் கொடுத்திருந்தேன், இன்று காலை வாங்கிவிட்டேன். கழுத்து வரை பட்டன். மணிக்கட்டிலும் பட்டன். மாலை உள்ளே அடங்கும், தெரியாது, ஆனால் உன் நெஞ்சில் இருக்கும். டூல்ஸ் கடையில் உன் மெஷின் கம்பெனியைச் சொல்லி ஒரு கார்டும் வாங்கினேன். நாலு இஞ்ச் வட்டுகளும். இந்தக் கடிதத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் கொண்டுவந்து பட்டறையில் வைத்துவிட்டு, உன்னோடு சண்டை போடாமல், சாமி என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவது. அதுதான் திட்டம்.

மீதியை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

நீ பட்டறையில் இல்லை. அளவு எடுக்க அந்த வீட்டுக்குப் போயிருப்பதாகக் குமார் சொன்னான். மெஷின் தரையில் கிடந்தது. பிளக் செருகியபடி. வட்டைக் கீழே பார்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாய். பிளக்கைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன், அந்த அஞ்சு இஞ்ச் வட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு சில்லு போயிருந்தது. அதோடுதான் காலையில் வெட்டியிருக்கிறாய். குமாரிடம் ஸ்பேனர் வாங்கி அந்த வட்டைக் கழற்றினேன். கார்டை மாட்டினேன், திருகை இறுக்கினேன், நாலு இஞ்ச் வட்டு போட்டேன். சரியாக உட்கார்ந்தது. குமார் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா சாமி வந்ததும் கழட்டிடும்."

"கழட்டிடுவானா?"

"கழட்டிடும்மா. எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா கூட இருக்கேன்."

அவன் அதைப் பொய் சொல்லாமல் சொன்னான். நான் மெஷினின் ஒயரைச் சுற்றினேன். சட்டையையும் பேண்ட்டையும் பையிலிருந்து எடுத்து வைஸ்மேல் வைத்துவிட்டு, பையில் மெஷினை வைத்தேன்.

"அம்மா, என்னம்மா பண்றீங்க? வெள்ளிக்கெழமம்மா. பாதி கேட்டு அப்படியே நிக்கிது."

"தெரியும்டா."

"சாமி என்னைய உண்டு இல்லன்னு பண்ணிடும்."

"வீட்டுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு. இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு வரணும். என் முன்னாடி, மாடில என் பல் செட் லேப்ல, இதே கார்டோட ஒரு கொழாய வெட்டிக் காட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போவட்டும். இன்னிக்கே வந்தாலும் தரேன்."

"வராட்டி?"

நீ வேறு மெஷின் வாடகைக்கு எடுக்கலாம். அதற்கும் கார்டு இல்லாமல் இருக்கலாம். என்னோடு பேசாமல் இருக்கலாம். நான் செய்தது திருட்டு என்று சொல்லலாம், பூசையில் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். யோசித்த பிறகும் பையைக் கீழே வைக்க முடியவில்லை.

இந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பெரம்பலூர் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மெஷினை மடியில் வைத்துக்கொள்வேன்.